புகை வராத வீடு

எங்கள் தெருவில் காலையில் எழுந்ததும் யாரும் முதலில் கண்ணாடி பார்ப்பதில்லை. எதிர்வீட்டுப் புகைபோக்கியைத்தான் பார்ப்போம். குளிர்காலம் வந்துவிட்டால் சிலி நாட்டின் தெற்கு மலைப்பக்கத்தில் இருக்கிற எங்கள் கொய்யாய்க்கே ஊர் முழுக்க இதே கதை. அடுப்பில் விறகைத் திணித்து, கெட்டிலை ஏற்றி, ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியை முழங்கையால் துடைத்துவிட்டு ஒவ்வொரு கூரையாகக் கண்ணை ஓட்டுவோம். புகை வந்தால் அந்த வீட்டு ஆள் எழுந்தாயிற்று, ராத்திரியில் போய்ச் சேரவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நம் வாயில் ஒரு மடக்கு மாத்தே இலைத் தேநீர் இறங்கும்.

எங்கள் தெருவில் பாதிப்பேர் என்னைப்போல் வயதானவர்கள், அதுவும் தனியாக இருப்பவர்கள். அதனால் இதை ஒட்டுக் கேட்பது, எட்டிப் பார்ப்பது என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்ப்பவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

புகையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டு எர்சிரா புகைக்குழாயின் மூடியைத் திறக்க மறந்துவிடுவாள். அவள் வீட்டுப் புகை முதலில் ஜன்னல் வழியாக வரும், கூடவே அவள் இருமலும் வரும், அப்புறம்தான் கூரைக்குப் போகும். எதிர்வீட்டு அவுதிலியோவின் புகை அப்படியில்லை. நூல் பிடித்தாற்போல் மெல்லிசாக, நேராக மேலே போகும். நன்றாகக் காய்ந்த லெங்கா மர விறகு. ஒப்புக்கொள்ள மனசில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

மனசில்லாததற்குக் காரணம் உண்டு. என் கணவர் இருந்த காலத்தில், சர்ச் விருந்தில், ஊரே ஆட்டுக்கறி சுட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது, இந்த மனிதர் எழுந்து நின்று என்னைக் காட்டி, "சுனில்டா வீட்டு விறகு ஒரே ஈரம். அந்த அடுப்பு எரியறதில்லை, அழுவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் சமையலைக் குறை சொல்லலாம், அவள் பெற்ற பிள்ளைகளைக்கூடக் குறை சொல்லலாம். விறகு ஈரம் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. என் கணவர் இறந்தபோது வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

பேச்சுதான் இல்லையே ஒழிய, அவர் கூரையைப் பார்க்காமல் நான் ஒரு காலையும் தொடங்கியதில்லை.

போன குளிர்காலத்தில் கிழவர் விறகுக் கொட்டகைக்குப் போகும் வழியில் உறைபனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நாங்களெல்லாம் வெளியே போனால் பூட்ஸுக்கு மேலே பழைய கம்பளிக் காலுறையை மாட்டிக்கொள்வோம், பனியில் வழுக்காது. அவருக்கு அது கௌரவக் குறைச்சல். மாடு ஓட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றியவராம், காலுறையை வெளியே மாட்டமாட்டாராம். விழுந்தார்.

சேதி கேட்டு அவருடைய மகள் நெல்டா புவேர்ட்டோ மான்ட்டிலிருந்து வந்து நின்றாள். "ஒண்ணு என்கூட வாங்க, இல்லாட்டி நான் சொல்றபடி கேளுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இந்த வருஷம் குளிர் தொடங்கியதும் திரும்பி வந்து பழைய விறகு அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கறுப்பாக, பளபளவென்று ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகள், பார்க்க மாட்டுத்தீவனம் மாதிரி இருக்கும், அதை மேலே கொட்டி பட்டனை அமுக்கினால் போதும். விறகு வெட்ட வேண்டாம், சுமக்க வேண்டாம், கொட்டகைக்கு நடக்க வேண்டாம். சூடு வெளியே போகாமலிருக்க ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் பஞ்சுப் பட்டை ஒட்டி அடைத்தாள். நல்ல பெண். எல்லாவற்றையும் யோசித்தவள், எதிர்வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அவள் ஊருக்குப் போன மறுநாள் காலையில் ஜன்னலைத் துடைத்துப் பார்க்கிறேன், அவுதிலியோ கூரையில் புகை இல்லை. கெட்டில் கொதித்தது. இல்லை. ரேடியோவில் செய்தி முடிந்து, இறந்தவர்கள் பெயரெல்லாம் வாசித்து முடித்தார்கள். அப்போதும் இல்லை. பேசாத வீட்டுக் கதவை எப்படிப் போய்த் தட்டுவது? எர்சிரா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எர்சிரா, எதிர்வீட்டுல புகை இல்லடி."

"ஐயோ அக்கா! நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"நான் எப்படிடி போவேன்? எங்களுக்குள்ள பேச்சு இல்லையே."

"செத்துப்போனவர்கிட்ட என்னக்கா பேச்சு வேண்டிக்கெடக்கு?"

என்றாலும் அவளுக்கும் தனியாகப் போகப் பயம். தீயணைப்புப் படைக்குப் போன் போட்டாள். எங்கள் ஊர்ப் படையில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. தலைவர் ரொட்டிக்கடைக்காரர், கையில் மாவோடு ஓடிவந்தார். கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. கோடாலியால் இரண்டு போடு போட்டார்கள், கதவு உள்ளே விழுந்தது. நாங்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பின்னாலேயே நுழைந்தோம்.

கிழவர் நடுக்கூடத்தில், கடுங்குளிரில், பனியனும் அரைக்கால் சட்டையுமாக, காதில் மகள் வாங்கிக்கொடுத்த எதையோ மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு, எண்ணெயில் பொரித்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். வீடு வெந்நீர் அண்டாவாகக் கொதித்தது. ரொட்டி பாதி வாயில் இருக்க, கோடாலியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருய்யா செத்தது?" என்றார்.

"நீங்கதான்னு சொன்னாங்க பெரியவரே" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"எவ சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போன் போட்ட எர்சிராவும் என்னைத்தான் பார்த்தாள், துரோகி. நான் கூரையைப் பார்த்து, பொதுவாக, "புகை வரலையே" என்றேன்.

"இதுல புகை வராது! அதுதானே இதோட பெருமையே! ஒரு பட்டனை அமுக்கினா சூடு. இன்னொண்ணை அமுக்கினா இன்னும் சூடு. இப்ப கதவைப் பேத்துப் போட்டுட்டீங்களே, அதுக்கு எந்தப் பட்டனை அமுக்கறது?" அப்புறம் ரொட்டிக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. இனிமே அவங்க கூரையை அவங்க பாத்துக்கிட்டா போதும்னு."

"அந்தப் பெரிய மனுஷன்கிட்ட சொல்லுங்க" என்றேன் நானும் ரொட்டிக்கடைக்காரரிடமே. "இனிமே நெசமாவே செத்தாலும் இந்த வாசலை மிதிக்கமாட்டேன்னு."

ரொட்டிக்கடைக்காரர், அடுப்பில் ரொட்டி கருகுகிறது என்று சொல்லிவிட்டு நழுவினார்.

அதற்கப்புறம் அவுதிலியோ வீட்டுக்குப் புதுக்கதவு வந்தது. தடித்த பலகை, உள்பக்கம் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரும்புத் தாழ்ப்பாள். எனக்காகத்தான் போட்டார் என்பதில் சந்தேகமே இல்லை. தெருவில் எல்லோரும் அவர் கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? புகை இல்லாவிட்டால் நலம், புகை வந்தால்தான் ஆச்சரியம். நானும் பார்ப்பதை விட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்டேன்.

ஒன்றை மட்டும் விட முடியவில்லை. நாங்களெல்லாம் அடுப்புச் சாம்பலை அள்ளி வாசல்படியில் தூவுவோம், உறைபனியில் கால் பிடிக்கும். அந்த இயந்திரத்தில் வருகிற சாம்பல் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. அவர் வாசல் கண்ணாடியாக மின்னியது. இன்னொரு மணிக்கட்டும் போகட்டும் என்று விட மனசு வரவில்லை. விடிந்ததும் வாளியோடு போய் அவர் படியில் கொட்டிவிட்டு வருவேன். ஒருநாள் பிடித்துவிட்டார்.

"என் வாசல்ல எதுக்கு சாம்பலைக் கொட்டற?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினார்.

நான் காற்றைப் பார்த்து, "குப்பையை எங்க கொட்டணுமோ அங்கதான் கொட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளும் கொட்டினேன். கதவைத் திறக்காமலே திட்டினார்.

ஜூலை மாதம், எங்கள் பக்கம் அதுதான் நடுக்குளிர்காலம், பெரிய பனி விழுந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டி, விடிந்தும் நிற்கவில்லை. வேலியெல்லாம் மறைந்துவிட்டது. நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டு சொகுசாக இருந்தேன். மதியம் எர்சிரா முழங்காலளவு பனியை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"கரண்ட் இல்லக்கா. காலையிலேருந்து இல்ல. மலைப்பக்கம் மரம் விழுந்து கம்பியெல்லாம் அறுந்துபோச்சாம். என் டிவித் தொடர் போச்சு. இன்னிக்குத்தான் அவளுக்கும் அவனுக்கும் கல்யாணம்."

"எனக்குத் தெரியவே தெரியாதேடி" என்றேன். என் ரேடியோ பேட்டரியில் ஓடுவது.

"உங்களுக்கென்ன, ராணி. எதிர்வீட்டுக்காரர்தான் பாவம், பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சிருக்கும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். அந்த இயந்திரம் கரண்ட் இல்லாமல் ஓடாது. அவர் வீட்டில் இப்போது வேறு அடுப்பே கிடையாது. வெளியே ஒரு கிளை அசைந்தால் உடைகிற குளிர். எங்கள் கண்ணெதிரே இருக்கிற வீட்டில் ஒரு மனிதர் காலையிலிருந்து விறைத்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே காலை நீட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டிருக்கிறேன்.

பூட்ஸுக்கு மேலே காலுறையை மாட்டினோம். பனி அள்ளும் தகர மண்வாரியை ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டேன். தெருவைக் கடப்பதற்குள் எர்சிரா இரண்டு தரம் விழுந்தாள், விழும்போதெல்லாம் நான் போர்த்தியிருந்த போர்வையைப் பிடித்து இழுத்தாள். கதவைத் தட்டினோம், காலால் உதைத்தோம். பதில் இல்லை. எர்சிரா தீயணைப்புப் படைக்குப் போன் போட்டாள். எல்லோரும் மலைப்பாதையில் சிக்கிய லாரியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வருகிறோம், கொஞ்சம் நேரமாகும் என்றார்கள்.

நான் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு. தரையில் மட்டும் சிவப்பாக ஏதோ கனன்றது. கணப்புச் சட்டி.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு அதைச் சுற்றிப் படுத்து வளர்ந்தவர்கள்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வீடுகளில் பலகைக்குப் பலகை கை நுழைகிற இடைவெளி இருந்தது. ராத்திரியெல்லாம் காற்று உள்ளே வந்து விசிலடித்துவிட்டுப் போகும். இங்கே நெல்டா ஒரு எறும்பு நுழைய வழியில்லாமல் அடைத்து வைத்திருக்கிறாள். கரியிலிருந்து வருகிற விஷக்காற்றுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் ஊரில் யாராவது ஒருவர் இப்படித் தூங்கிப்போய் எழுந்திருக்காமலே போகிறார்கள்.

மண்வாரியால் ஜன்னலை அடித்தேன். கண்ணாடி சிதறியது. அடுத்த ஜன்னலையும் அடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. எர்சிரா ஒல்லி. விளிம்பில் என் போர்வையை மடித்துப் போட்டு அவளைத் தூக்கி உள்ளே தள்ளினேன்.

"மூச்சை அடக்கிக்கிட்டுப் போய்த் தாழ்ப்பாளைத் திறடி!"

"மூச்சை அடக்கினா எப்படிக்கா உங்களைத் திட்டறது!" என்று கத்திக்கொண்டே உள்ளே விழுந்தாள்.

கதவு திறந்தது. கிழவர் நாற்காலியில், கம்பளிப் போர்வைக்குள், தாடை நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார்.

"சுனில்டாவா... வாம்மா. உன் வீட்டு விறகு... நல்ல விறகும்மா."

அவ்வளவுதான், ஆள் சாகப்போகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

போர்வையோடு சேர்த்துத் தரையில் சாய்த்து ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். வாசல்படியில் அவர் தலை இடித்தது, மன்னிப்புக் கேட்க நேரமில்லை. பனியில் கொண்டுவந்து போட்டதும் எர்சிரா திரும்ப ஓடி, கைத்துணியால் கணப்புச் சட்டியைத் தூக்கிவந்து பனியில் கவிழ்த்தாள். புஸ்ஸென்று அடங்கியது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மூச்சு விடுய்யா, மூச்சு விடுய்யா" என்று கத்தினேன். நெஞ்சைத் தடவினேன். அழுதேன் என்று எர்சிரா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அழுதேன்தான்.

கிழவர் ஒருக்களித்து வாந்தி எடுத்தார். பிறகு கண்ணை இடுக்கி என்னைப் பார்த்து, "சனியனே, ஏன் என்னைப் பனியில கெடத்தியிருக்க?" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரொட்டிக்கடைக்காரர் வண்டியோடு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். விமானம் இறங்க வழி கிடைத்ததும் நெல்டா வந்தாள்.

அவர் வீட்டு ஜன்னல் இரண்டையும் நான் உடைத்துவிட்டதால், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் சமையலறைக்குத்தான் கூட்டிவந்தாள். கிழவர் அடுப்பருகே உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள் அப்படிச் சுருங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்பாவை என்கூடவே கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்றாள் நெல்டா. "டிக்கெட்டும் போட்டாச்சு. தனியா விட்டுட்டு எப்படி நான் நிம்மதியா இருப்பேன்? நீங்களே சொல்லுங்க. நீங்க கூட்டிட்டுப் போன்னு சொன்னா போறேன், விட்டுட்டுப் போன்னா விட்டுட்டுப் போறேன். இனிமே என் புத்தியை நான் நம்பறதா இல்ல."

என்னைக் கேட்கிறாள்! தொப்பி சுற்றுவது நின்றது.

கூட்டிக்கொண்டு போ என்பதுதான் நியாயமான பதில். அங்கே மகள், பேரன், கதகதப்பான வீடு. ஆனால் அடுக்குமாடியில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரென்றே தெரியாத கூரைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார். சண்டை போடக்கூட ஆள் கிடைக்காது. நான்? நான் இங்கே, காலையில் ஜன்னலைத் துடைத்தால் எதிரே காலி வீடு. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கிழவர் எதிர்வீட்டில் வேண்டும்.

"முதல்ல அந்த ரெண்டு தாழ்ப்பாளையும் கழட்டு" என்றேன். "சாவி ஒண்ணு எனக்கு, ஒண்ணு எர்சிராவுக்கு. கணப்புச் சட்டி அந்த வீட்டுக்குள்ள திரும்பிப் போகக் கூடாது. கரண்ட் போனா அந்த நிமிஷமே உங்கப்பன் இங்க வந்து உக்காரணும். தினமும் காலையில இங்கதான் மாத்தே. வரலேன்னா நான் போய் இழுத்துட்டு வருவேன். ஒரு தடவை இழுத்தாச்சு, என்ன கனம்னு தெரியும்."

"நான் இதுக்கு ஒத்துக்கலை" என்றார் கிழவர் அடுப்பைப் பார்த்து.

"உன்னை யாருய்யா கேட்டா?"

புத்தி தெளிவாக இருக்கும்போது அவரிடம் நேராக நான் பேசியது, இத்தனை காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவர் நாற்காலியை அடுப்புக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். நெல்டா சிரித்துக்கொண்டே அழுதாள்.

போகுமுன் ஜன்னலெல்லாம் சரிசெய்து, மேலே காற்று போக ஒரு வழியும் வைத்து, விஷக்காற்று வந்தால் கத்துகிற கருவி ஒன்றைச் சுவரில் மாட்டினாள். "எதுக்கு இது? எதிர்வீட்டுல ஏற்கனவே ஒண்ணு கத்திக்கிட்டுத்தானே இருக்கு" என்றாராம் அப்பன். எர்சிரா உடனே வந்து என்னிடம் சொல்லிவிட்டாள்.

நெல்டா ஊருக்குப் போன மறுநாள் விடியும்போது குளிர் எலும்புக்குள் இறங்கியிருந்தது. முழங்கால் மடங்கவில்லை. என் கணவர் போனதிலிருந்து எனக்குச் சில காலைகள் இப்படி வரும். எழுந்து என்ன ஆகப்போகிறது, அடுப்பு காத்திருக்கட்டும், யார் வரப்போகிறார்கள் என்று கம்பளிக்குள்ளேயே கிடப்பேன். கிடக்கக் கிடக்க இன்னும் ஆழமாக இழுக்கும். என் புகை தாமதமானால் யாரும் அலட்டிக்கொண்டதில்லை, சுனில்டாவின் விறகு பிடிக்க நேரமாகும் என்று இருந்துவிடுவார்கள். ஊர்க் கூரையெல்லாம் எண்ணுகிறவளுக்கு என்ன ஆகிவிடும்? அன்றும் அப்படித்தான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

கதவை யாரோ இடித்தார்கள். தட்டவில்லை, இடித்தார்கள். எதிர்வீட்டுக் கிழவரின் குரல்.

"ஏய், சுனில்டா! உயிரோட இருக்கியா?"

எத்தனையோ வருஷமாக நான் ஒவ்வொரு கூரையையும் பார்த்துக் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். என்னை ஒருவரும் கேட்டதில்லை. "இருக்கேன்" என்றேன், சத்தமே வரவில்லை.

"சுனில்டா!"

"இருக்கேன்யா!" என்று பலம்கொண்ட மட்டும் கத்தினேன், கால் இரண்டையும் கட்டிலை விட்டுக் கீழே இறக்கிக்கொண்டே. "இருக்கேன், இருக்கேன். வரேன் இரு!"